வாயைத் திறக்காத விலங்கு: தார் பாலைவனத்தில் ஒரு மே மாதம்

மே 12, 2024, பீக்கானேர்

மே மாதத்தில் ராஜஸ்தானுக்குச் சுற்றுலா போகிறேன் என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார், பிறகு உடம்பு சரியாக இருக்கிறதா என்று விசாரிப்பார். கூட வந்தவன் தங்கை மகன். கால்நடை மருத்துவம், நான்காம் வருஷம். அவன் விடுமுறையும் என் விடுப்பும் ஒத்துப்போனது இந்த மாதம்தான். அதற்கு அவனிடம் ஒரு நியாயமும் தயாராக இருந்தது. "குளிர்காலத்துல ஒட்டகத்தைப் பாத்து என்ன பண்றது பெரியம்மா? அதுக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் வெயில்லதானே வெளிய வரும்."

ஜூனாகர் கோட்டைக்குப் பின்னால் ஏர்கூலர் வைத்த அறை 900 ரூபாய். சீசனில் இரண்டாயிரத்துக்குக் குறையாதாம். காலை பதினொரு மணிக்கே 42 டிகிரி. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்ப்பது தெரியவில்லை. சட்டை காய்ந்தே இருக்கிறது, உதடு மட்டும் வெடிக்கிறது.

இந்த ஊர்க்காரர்களிடம் முதலில் கவனித்தது, எதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலும் தண்ணீர் வருகிறது. வழி கேட்டாலும் தண்ணீர், விலை கேட்டாலும் தண்ணீர். ஆட்டோக்காரர் பாதி வழியில் நாங்கள் கேட்காமலே ஒரு தண்ணீர்ப் பந்தலில் நிறுத்தினார். பானைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, நீண்ட மூக்கு வைத்த செம்பால் எங்கள் உள்ளங்கையில் ஊற்றினார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை, எங்கள் கை வழியாகச் சிந்தியதைத் தவிர. பத்து ரூபாயை நீட்டினேன். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆட்டோக்காரர்தான் மெதுவாக, "வைத்துக்கொள்ளுங்கள் பெஹன்ஜி, தண்ணீருக்கு வாங்க மாட்டார்கள்" என்றார்.

கோட் கேட் அருகே கச்சோரி 20 ரூபாய். இந்த வெயிலில் இவ்வளவு எண்ணெய் தேவையா என்று யோசித்துக்கொண்டே இரண்டாவதையும் சாப்பிட்டேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். செங்கல் ஏற்றிய ஒட்டக வண்டி ஒன்று எதிரே வந்தது. இந்த வண்டிகளுக்குப் பழைய விமானச் சக்கரங்களைத்தான் மாட்டுகிறார்கள். மணலில் புதையாமல் உருளும். வண்டிக்காரர் தலைப்பாகையின் முனையை வாயில் கவ்விக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வண்டியின் நிழலிலேயே நடந்து வந்த நாயின் நாக்கு தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். அந்தத் தெருவில் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒட்டகம் மட்டும்தான்.

பையன் இதைத்தான் காட்ட நினைத்தானாம். நாய் இரைப்பது நாக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்க. குளிர்ச்சி கிடைக்கும், ஆனால் மூச்சுக்கு மூச்சு தண்ணீர் போகும். ஒட்டகம் அந்த வழிக்கே போவதில்லை. எவ்வளவு வெயிலிலும் மூக்கால் நிதானமாகத்தான் மூச்சு விடுகிறது.

மே 13, ஜோர்பீர்

ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஜோர்பீரில் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1984-இல் தொடங்கியது. மதியத்துக்கு மேல்தான் பார்வையாளர்களை விடுகிறார்கள். பீக்கானேரி, ஜெய்சல்மேரி, கச்சி, மேவாரி என்று இனவாரியாகத் தொழுவங்கள். பீக்கானேரி கனத்த உடம்பு, காதிலும் புருவத்திலும் அடர்ந்த முடி, வண்டி இழுக்க ஏற்றது. ஜெய்சல்மேரி ஒல்லி, நீண்ட கால், சவாரிக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபின் வேறுபாடு எனக்கே தெரிந்துவிட்டது.

பால் கடையில் ஒட்டகப் பால் குல்ஃபி கிடைக்கும். சாப்பிட்டு முடிக்கும்போது நாக்கில் லேசான உப்பு. வாங்கி முடிப்பதற்குள் பாதி கையில் வழிந்தது தனிக் கதை.

தொழுவத்து வேலிப் பக்கம் நின்றுகொண்டு பையன் எனக்கு நடத்திய பாடத்தை எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால், அதன்பின் இந்தப் பயணத்தில் பார்த்ததெல்லாம் அதையொட்டித்தான்.

நம் உடம்பு 37 டிகிரியை விட்டு அசைய மறுக்கும். ஒரு டிகிரி ஏறினாலே வியர்வையைக் கொட்டி இறக்கப் பார்க்கும். ஒட்டகத்துக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. தினமும் தண்ணீர் கிடைத்தால் அதன் சூடும் ஒரு நாளில் இரண்டு டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்கும். தண்ணீர் கிடைக்காத நாட்களில் ஆட்டமே வேறு. விடியற்காலை 34 டிகிரி வரை இறங்கிவிடும், மாலை 40-ஐத் தாண்டும். அதுவரை வியர்வைக் கணக்கைத் திறப்பதே இல்லை. பகல் முழுக்க வெயிலிடம் கடன் வாங்கி உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது. ராத்திரி குளிர்ந்த பிறகு ஒரு சொட்டு தண்ணீர் செலவில்லாமல் காற்றுக்கும் வானத்துக்கும் அந்தக் கடனை அடைத்துவிடுகிறது. 500 கிலோ ஒட்டகம் இப்படி 6 டிகிரி சூட்டைத் தேக்கினால் மிச்சமாகும் தண்ணீர் சுமார் 5 லிட்டர். அதற்கு மேலும் ஒரு லாபம் உண்டு: உடம்பே சூடாக இருப்பதால், வெளியிலிருந்து உள்ளே புகும் வெப்பமும் குறைகிறது.

இதை முறையாக அளந்து பார்த்தவர் க்நூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியலாளர். 1950-களில் அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் என்ற சகாராப் பாலைவன ஊரில் தங்கி, ஒட்டகங்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைத்துத் தினமும் எடை போட்டு, சூடு பார்த்து, சிறுநீர் சேகரித்திருக்கிறார். ஓர் ஒட்டகத்தின் முடியை வழித்துவிட்டும் பார்த்தார். வழித்த ஒட்டகம், வழிக்காததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தண்ணீரை வியர்வையாக இழந்தது. வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிறதே என்று நான் பரிதாபப்பட்ட அதே முடிதான் வெயிலைத் தோலுக்கு எட்டாமல் தடுக்கிறது. ஒட்டகமும் வியர்க்கத்தான் செய்யும். அந்த வியர்வை முடியின் நுனியில் அல்லாமல் தோலின் மேலேயே ஆவியாவதால், செலவான துளியின் பயன் முழுவதும் தோலுக்கே போகிறது.

திரும்பும் வழியில் தேஷ்னோக் போகலாம் என்று பையன் கேட்டான். எலிகள் காலில் ஏறும் கோயிலுக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மே 14, பீக்கானேரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் சாலை

காரில் ஏசி, பலோடிக்குச் சற்று முன்னால் நின்றுபோனது.

இந்த வாக்கியத்தின் கனம் பலோடியைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர் அது. ஓட்டுநர் கண்ணாடிகளை இறக்கினார். உள்ளே வந்த காற்று வெளியே விட்டதைவிட மோசம். 'லூ' என்று இங்கே சொல்லும் அனல் காற்று. முகத்தில் பட்டால் கண் இமை உள்பக்கமாக உலர்கிறது. மறுபடி ஏற்றினோம், மறுபடி இறக்கினோம். கடைசியில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். பத்து நிமிடத்தில் காய்ந்தது. நனைக்க, காய, நனைக்க, காய. கொண்டுவந்த நீர் அப்படியே தீர்ந்தது. வாடகையில் 300 குறைத்துக்கொள்கிறேன் என்று ஓட்டுநரே முன்வந்து சொன்னார், இறங்கும்போது மறந்துவிட்டார். அவரும் அதே வெயிலில்தான் வந்தார் என்பதால் நான் நினைவூட்டவில்லை.

சாலையோர டாபாவில் கேர்-சாங்ரி, கடி என்னும் மோர்க்குழம்பு, கம்பு ரொட்டி, பெரிய டம்ளர் மோர். இரண்டு பேருக்கு 260 ரூபாய். வெங்காயத்தை வெட்டாமல் கையால் குத்தி உடைத்துக் கொடுக்கிறார்கள். ஓட்டுநர் சட்டைப் பையிலும் ஒரு வெங்காயம் இருந்தது. லூ தாக்காமல் இருக்கவாம். "வேலை செய்யுமா?" என்றேன் பையனிடம். "மோர் செய்யும்" என்றான்.

சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். டாபாவுக்குப் பின்னால் அதே மரத்தில் ஓர் ஒட்டகம் மேய்ந்துகொண்டிருந்தது. முள்ளும் இலையும் சேர்த்தே உள்ளே போகிறது. வாய்க்குள் கன்னம் முழுக்கக் கூம்பு கூம்பாகத் தடித்த முனைகள் இருப்பதால் முள் குத்துவதில்லை. மேலுதடு இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக அசைந்து இலையைத் தேடுகிறது. பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மரத்தில் நிலைக்காமல் இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று நகர்ந்துகொண்டே இருந்தது.

போக்ரண் தாண்டியதும் எனக்குத் தலைவலி, குமட்டல். பையன் நாடி பார்த்துவிட்டு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தான். வியர்வையில் போகும் தண்ணீர் நமக்கு ரத்தத்திலிருந்தும் போகிறது. ரத்தம் கெட்டியாகும், இதயம் அதைத் தள்ளத் திணறும், உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர முடியாமல் போகும். வெயிலில் மனிதன் சாவது பெரும்பாலும் இந்த வழியில்தான். உடல் எடையில் 12 சதவீதம் அளவுக்கு நீர் இழந்தால் பிழைப்பது அரிது. ஒட்டகம் 25 சதவீதம் இழந்தபின்னும் நடக்கும். அது இழப்பது பெரும்பாலும் குடலிலிருந்தும் திசுக்களிலிருந்தும். ரத்தத்தின் நீரைக் கடைசிவரை விட்டுக்கொடுப்பதில்லை.

இதையெல்லாம் நான் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடியபடி கேட்டேன். வாந்தி வராமல் இருந்ததற்கு உப்புத் தண்ணீர் காரணமா பாடம் காரணமா தெரியாது.

மே 15, கூரிக்குப் போகும் வழியில் ஒரு டாணி

ஜெய்சல்மேரில் தூங்கி எழுந்து, தென்மேற்கே கூரி போகும் சாலையிலிருந்து பிரிந்து ஒரு டாணிக்கு வந்தோம். டாணி என்றால் நாலைந்து வீடுகள் சேர்ந்த குடியிருப்பு. சுற்றுலாக் கூடாரங்களெல்லாம் சுருட்டி வைத்தாயிற்று. அக்டோபர் வரை ஈ, காக்காய் இல்லை. நாங்கள் தங்கியது ஒரு ராய்கா பெரியவர் வீட்டில். ராய்காக்கள் ஒட்டகம் மேய்ப்பதையே பரம்பரையாகக் கொண்டவர்கள். பார்வதி மண்ணைப் பிசைந்து ஐந்து காலுள்ள ஒரு விலங்கைச் செய்தாளாம், ஐந்தாவது காலைச் சிவன் மேலே தள்ளியதால் திமில் வந்ததாம், அதை மேய்க்க முதல் ராய்காவைப் படைத்தானாம். பெரியவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். நாங்களும் சிரிக்கவில்லை.

"ராம் ராம் சா" சொல்லிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததும் தண்ணீர். அப்புறம் ஒட்டகப் பாலில் தேநீர். முன்பெல்லாம் ராய்காக்கள் பாலை விற்க மாட்டார்கள். பிள்ளையை விற்பதற்குச் சமம் என்பார்கள். இப்போது விற்கிறார்கள், வாங்க ஆள் வந்தால். இந்தப் பால் எளிதில் உறையாது, தயிர் ஆகாது. அதனால் அன்றன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். பையன் சொன்ன ஒரு விஷயம் பெரியவரை நிமிர்ந்து உட்கார வைத்தது: தாய் ஒட்டகம் தாகத்தில் இருக்கும்போது அதன் பாலில் தண்ணீர் குறைவதில்லை, கூடுகிறது. சாதாரணமாக 86 சதவீதம் இருப்பது 90-ஐத் தாண்டும் என்று அளந்திருக்கிறார்கள். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோடையில் பால் நீர்த்துப்போகும் என்று என் அம்மா சொல்வாள். மேய்ச்சல் சரியில்லை என்று நான் நினைத்தேன்" என்றார். பிறகு வெளியே நின்ற குட்டியைப் பார்த்து, "அதுவும் குடிக்கணுமே" என்றார்.

மதியம் மணலில் காலை வைக்க முடியவில்லை. என் ரப்பர் செருப்பின் பசை இளகி, அடிப்பாகம் தனியாகக் கழன்று மணலிலேயே நின்றது. பெரியவரின் மருமகள் தன் தோல் ஜூத்தியைக் கொடுத்தாள். ஒரு அளவு சின்னது. குதிகால் வெளியே தொங்க நடந்தேன், குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒட்டகங்கள் படுத்திருக்கும் விதத்தை இந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும். எல்லாம் வெயிலை நோக்கியே முகம் வைத்திருக்கின்றன. பக்கவாட்டில் படுத்தால் உடம்பின் அகலம் முழுக்க வெயில் படும், நேருக்கு நேர் உட்கார்ந்தால் படும் பரப்பு குறைவு. சூரியன் நகர நகர இவையும் மெல்லத் திரும்புகின்றன. நெஞ்சுக்குக் கீழே தடித்த ஒரு மெத்தை இருக்கிறது, முட்டிகளிலும் உண்டு. அவற்றின் மேல் உடம்பை ஏற்றி வைத்துக்கொள்வதால் வயிற்றுக்கும் மணலுக்கும் நடுவே இடைவெளி. குனிந்து பார்த்தேன், மறுபக்கம் தெரிந்தது. காற்று அந்த வழியாகப் போய் வருகிறது.

மாலையில் மணல் கிளம்பியது. சட்டென்று வானம் பழுப்பாகி, கட்டில் துணி பறந்தது. நாங்கள் உள்ளே ஓடினோம். ஒட்டகங்கள் எழுந்திருக்கக்கூட இல்லை. மூக்குத் துளைகளை வெறும் கீறலாக மூடிக்கொண்டன. இரண்டு வரிசை இமை முடி, அதற்கும் உள்ளே பக்கவாட்டில் துடைத்துவிடும் மூன்றாவது இமை. அரை மணி நேரம் கழித்து நான் பல்லிடுக்கில் மணலைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவை அசைபோட்டுக்கொண்டிருந்தன.

காற்று அடங்கியதும் பையன் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தான். பெரியவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கட்டிலில் புரண்டு சிரித்தார். "பேட்டா, இதுக்குக் காய்ச்சல் இல்லையே!" இருந்தும் சாதுவான ஒரு பெட்டையை 'ஜே, ஜே' என்று அதட்டி உட்கார வைத்து, வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குடித்து நாலு நாள் ஆன ஒட்டகம் அது. 39-ஐத் தாண்டிக் காட்டியது. அளந்து முடித்ததும் அது கழுத்தைத் திருப்பிப் பையன் தோளில் பச்சையாக, நுரையாகக் கக்கியது. குழந்தைகள் எனக்கு வைத்திருந்த சிரிப்பை அவனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

மே 16, அதே டாணி

ராத்திரி மணல்மேட்டில் கட்டில் போட்டுப் படுத்தோம். அரை நிலா. பத்து மணிவரை மணல் அனலாகவே இருந்தது, மூன்று மணிக்குப் போர்வை தேடினேன். வானத்தில் மேகம் இல்லை, காற்றில் ஈரம் இல்லை, பகலில் ஏறிய சூட்டைத் தடுத்து வைக்க எதுவுமே இல்லை.

ஐந்து மணிக்குப் பையன் என்னை எழுப்பி அந்தப் பெட்டையின் கழுத்தைத் தொடச் சொன்னான். நேற்று மாலை கை வைத்தபோது சுட்டது, இப்போது என் கையைவிடக் குளிர்ச்சி. தெர்மாமீட்டர் 36-க்குக் கீழே காட்டியது. தோளில் ஒரு பழைய துணியைப் போட்டுக்கொண்டுதான் இந்த முறை அளந்தான்.

விடியலில் அதன் மூச்சும் வேறு. மூக்குக்குள் எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக இருக்கின்றன. உள்ளே போகும் குளிர்ந்த, உலர்ந்த காற்று அவற்றைக் குளிர வைத்துவிட்டுப் போகிறது. நுரையீரலிலிருந்து ஈரத்தோடு திரும்பும் காற்று அந்தக் குளிர்ந்த சுருள்களைத் தொடும்போது ஈரத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. மூச்சில் போக வேண்டிய தண்ணீரில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பக் கிடைக்கிறது. இதே மூக்கில் குளிர்ந்த ரத்தம் மூளைக்குப் போகும் தமனிகளின் பக்கமாக ஓடுவதால், உடம்பு 40-இல் கொதிக்கும்போதும் மூளை கொஞ்சம் தப்பிக்கிறது.

எட்டு மணிக்குக் கிணற்றுக்குப் போனோம். மேய்ச்சலுக்கு விட்ட மந்தையை யாரும் ஓட்டி வருவதில்லை. ஓரண் என்று சொல்லும் கோயில் காட்டில், மரம் வெட்டக் கூடாத நிலத்தில், தன் போக்கில் சுற்றிவிட்டுத் தாகம் எடுத்தால் தானே வரும். வராவிட்டால் பெரியவர் மணலில் அடித்தடம் பார்த்துத் தேடிப் போவார். தன் ஒட்டகத்தின் தடத்தைப் பிறர் ஒட்டகத்தின் தடத்திலிருந்து பிரித்துச் சொல்வார் என்று மருமகள் சொன்னாள். எனக்கு எல்லாம் இரண்டு விரல் போட்ட ஒரே அகன்ற வட்டமாகத்தான் தெரிந்தது. குளம்பு இல்லாத மெத்தைப் பாதம், ஊன்றும்போது விரிந்து எடையைப் பரப்பிவிடுகிறது.

வந்தவற்றின் விலா எலும்புகளை எண்ணலாம். வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. 'கேளி' என்னும் கல் தொட்டியில் பெரியவர் மோட்டாரை ஓட்டி நீர் நிரப்பினார். கழுத்துகள் வரிசையாக இறங்கின. உறிஞ்சும் சத்தம் மட்டும். ஒவ்வொரு மிடறும் கழுத்தின் நீளத்துக்கு ஏறிப் போவது வெளியிலிருந்தே தெரிகிறது. தொட்டியில் நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கியது, மோட்டாரால் ஈடு கொடுக்க முடியவில்லை. நன்றாகக் காய்ந்துபோன ஒட்டகம் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடிக்கும் என்று பையன் சொன்னதைப் புத்தகக் கணக்கு என்று நினைத்திருந்தேன். குடிக்கக் குடிக்க அந்த ஒட்டிய வயிறு நிரம்பி, வந்தபோது பார்த்த விலங்கு வேறு, இது வேறு என்று ஆகிவிட்டது.

நாம் இப்படிக் குடித்தால் செத்துப்போவோம். ரத்தத்தின் உப்பு திடீரென்று நீர்த்துப்போய் மூளை வீங்கும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நம்முடையதைப் போல வட்டத் தட்டு அல்ல, நீள்வட்டம். பாலூட்டிகளில் ஒட்டகக் குடும்பத்துக்கு மட்டும்தான் இந்த வடிவம். ரத்தம் கெட்டிப்பட்ட நாட்களிலும் நெருக்கமான குழாய்களில் ஓடும், தண்ணீர் வெள்ளமாக வரும்போது இயல்பான அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஊதியும் வெடிக்காது.

குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். திமிலுக்கு இல்லை, திமில் முழுக்கக் கொழுப்பு. கொழுப்பு எரியும்போது ஏறத்தாழ அதன் எடைக்குச் சமமான நீர் உண்டாகும் என்பது சரிதான். ஆனால் அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனை மூச்சில் இழுக்கும்போதே அதைவிட அதிக ஈரம் வெளியே போய்விடும். ஆகவே அது உணவுக் கையிருப்பு மட்டும். கொழுப்பையெல்லாம் முதுகில் ஒரே இடத்தில் குவித்து வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம். உடம்பு முழுக்கத் தோலுக்கடியில் பரப்பியிருந்தால் உள்சூடு வெளியேற வழி இருந்திருக்காது. வயிற்றிலும் தனியாகத் தொட்டி எதுவும் கிடையாது. குடித்தது, இழந்த இடங்களுக்கெல்லாம் திரும்பிப் போகிறது. பாக்கியிருந்ததை வாங்கிக்கொள்கிறது, முன்பணம் வாங்குவதில்லை. மேற்கொண்டு அந்த நீரை எப்படிச் செலவழிக்காமல் இருப்பது என்பதில்தான் அதன் சாமர்த்தியமெல்லாம்.

அந்தச் சிக்கனத்தின் கடைசிக் கணக்கைச் சிறுநீரகம் பார்க்கிறது. சிறுநீர் கொஞ்சமாக, கடல்நீரைவிடச் செறிவாக வெளியேறும். யூரியாவில் ஒரு பகுதி வயிற்றுக்கே திரும்பிப்போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புரதமாகிறது. சாணம் சின்னச் சின்ன உருண்டையாக, கையில் எடுத்தால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்து விழுகிறது. மருமகள் கூடையில் பொறுக்கிக்கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். மதியச் சோறு அதில்தான் வெந்தது: கம்பும் மோரும் சேர்த்த ராப், பூண்டு-மிளகாய்ச் சட்னி, வெல்லம். பணம் கொடுத்தபோது பெரியவர் தங்கியதற்கு மட்டும் 1,000 எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு வேண்டாம் என்றார். மருமகளிடம் தனியாகக் கொடுக்கப் பார்த்தேன். அவள் என் பையில் ஒரு பொட்டலம் வெல்லத்தைத் திணித்தாள்.

"குளிர்காலத்தில் பச்சை கிடைத்தால் வாரக்கணக்கில் கிணற்றுப் பக்கமே வராது" என்றார் பெரியவர். லாணா என்ற உப்புச் செடியைத் தின்னத்தான் தனியாகத் தேடிப் போகுமாம். மற்ற கால்நடைகளைவிடப் பல மடங்கு உப்பு அதற்கு வேண்டும்.

மே 17, ஜெய்சல்மேர்

பெரியவரின் பேரன் தன் ஜீப்பில் எங்களை ஊரில் விட்டான். சாம் மணல்மேடுகளில் சீசன் முழுக்க ஜீப் சவாரி ஓட்டுகிறான். ஒட்டகத்தைவிட வருமானம் அதிகம், தீனி கேட்பதில்லை.

ஐக்கிய நாடுகள் சபை இந்த 2024-ஐ ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் ஆண்டாக அறிவித்திருப்பதைப் பையன் சொன்னான். பேரன் அப்படியா என்று மட்டும் கேட்டான். 2012 கணக்கெடுப்பில் நாட்டில் 4 லட்சம் ஒட்டகம் இருந்தது, 2019-இல் இரண்டரை லட்சம். பெரும்பாலும் ராஜஸ்தானில்தான். 2014-இல் மாநில விலங்கு என்று அறிவித்தார்கள். 2015-இல் கொல்வதற்குத் தடையும், வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடும் போட்டுச் சட்டம் வந்தது. காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். ஆனால் வாங்க ஆள் வராததால் ஆண் ஒட்டகத்தின் விலை விழுந்தது, வளர்ப்பவர்கள் கைவிட்டார்கள் என்று பேரன் சொன்னான். கால்வாய்ப் பாசனம் வந்த இடங்களில் வயலுக்கு வேலி, வராத இடங்களில் காற்றாலைக்கும் சூரிய மின்தகட்டுக்கும் வேலி. சாலையின் இரண்டு பக்கமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தோம். தண்ணீர் இல்லாமல் வாழத் தெரிந்த விலங்குக்கு நடக்க இடம் இல்லாமல் வாழத் தெரியவில்லை. இதை யார் பேரில் குற்றமாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, மின்சாரமும் வேண்டியதுதானே.

கோட்டையடியில் ஜூத்தி வாங்கினேன். 600 சொன்னார், 450-க்குக் கொடுத்தார். குதிகால் உள்ளே இருக்கிறது.

மொட்டைமாடிக் கடையில் லஸ்ஸி குடிக்கும்போது பையன் கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டான். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில், சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பெரிய ஒட்டகம் ஒன்றின் எலும்புத் துண்டுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். செய்தி 2013-இல் வெளிவந்தது. ஒட்டகக் குடும்பம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். அகன்ற பாதம் பனியில் நடக்கவும், திமிலின் கொழுப்பு நீண்ட குளிர்காலத்தைத் தாண்டவும் உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அப்படியானால் இந்த உடம்பில் சில பாகங்கள் பாலைவனத்துக்காகச் செய்யப்பட்டவையே அல்ல, இங்கே வந்த பின் பயன்பட்டவை. பேரன் இதை நம்பவில்லை. "பனியில் ஒட்டகமா?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு இருவருமாகச் சிரித்தார்கள்.

அவனிடம் நான் ஒன்று கேட்டேன். ஜீப்பில் வரும் சுற்றுலாக்காரர்கள் ஒட்டகத்தைப் பற்றி என்ன கேட்பார்கள்?

"திமிலில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று கேட்பார்கள்."

"நீ என்ன சொல்வாய்?"

"ஐம்பது என்பேன். கொழுப்பு என்று உண்மையைச் சொன்னால் போனை எடுத்துத் தேடிப் பார்த்து என்னோடு வாதம் பண்ணுவார்கள், பாயிசா. ஐம்பது என்றால் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு டிப்ஸ் கொடுப்பார்கள்."

பையன் அவனுக்கு டிப்ஸ் கொடுக்க மறுத்துவிட்டான். நான் கொடுத்தேன்.